30 செ.மீ. மிதவை வலை: எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும்

கடல் ஓட்டுடலிகள் என்றதும் நண்டும் இறாலும் சிங்கி இறாலும்தான் நினைவுக்கு வரும். எண்ணிக்கையில் அவை சிறுபான்மை. இதுவரை பெயரிடப்பட்ட ஓட்டுடலி இனங்கள் 60,000க்கும் மேல். அவற்றில் துடுப்புக்காலிகள் எனப்படும் கோபிபாட்கள் மட்டுமே 10,000ஐத் தாண்டும். நீரில் மிதந்து வாழும் கோபிபாட்களில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். வளர்ந்தபின் தரையில் ஊரும் நண்டும், பாறையில் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசும்கூட இளம் பருவத்தை நீரில் மிதந்தே கழிக்கின்றன. இந்த உலகத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவருக்கு முதலில் தேவைப்படுவது, மிதக்கும் சிற்றுயிர்களை நீரிலிருந்து வடித்துப் பிடிக்கும் ஒரு மிதவை வலை.

இங்கே மதிப்பிடுவது, மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் என்று பல தயாரிப்பாளர்கள் ஏறத்தாழ ஒரே வடிவில் விற்கும் கைவலைத் தொகுப்பை. 30 செ.மீ. விட்டமுள்ள வளையம், நைலான் துணியாலான கூம்பு, வளையத்தை இழுகயிற்றோடு சேர்க்கும் மூன்று கிளைக்கயிறுகள், கூம்பின் நுனியில் உயிர்கள் வந்து சேரும் மடிக்குப்பி, ஓர் இழுகயிறு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கண்ணி, அதாவது துணியிலுள்ள துளை, 150 மைக்ரானும் (0.15 மி.மீ.) கூம்பின் பக்கம் ஒரு மீட்டரும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். 300 மைக்ரானுக்கு மேல் கண்ணியுள்ள வலையும், பைக்குள் மடங்க வேண்டும் என்று கூம்பைக் குறுக்கிய வலையும் இந்த வேலைக்கு ஆகாது.

கண்ணிதான் இந்த வலையின் உயிர். ஒரு விலங்கு தப்பாமல் பிடிபட, கண்ணியின் அளவு அதன் உடல் அகலத்தில் முக்கால் பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அதாவது 150 மைக்ரான் கண்ணி 0.2 மி.மீ. அகலமுள்ளவற்றை நம்பிக்கையோடு பிடிக்கும்; 330 மைக்ரான் கண்ணிக்கு அந்த எல்லை 0.44 மி.மீ. நீளம் இங்கே கணக்கில் வராது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள கோபிபாட்டும் தலையை முன்னால் நீட்டிக் கண்ணிக்குள் வந்துவிட்டால், உடல் மெலிவாக இருக்கும் பட்சத்தில் வெளியேறிவிடும். கண்ணி சதுரமானது; 150 மைக்ரான் சதுரத்தின் மூலைவிட்டம் 212 மைக்ரான் என்பதையும் மறக்கக்கூடாது. வேகமாக இழுத்தால் நீரின் அழுத்தமே மென்மையான உடலைப் பிதுக்கி அந்த மூலை வழியாக வெளியே தள்ளிவிடும்.

330 மைக்ரான் வலையில் கிடைக்கும் மாதிரி பார்க்க அழகாக இருக்கும். பெரிய கோபிபாட்கள், நண்டு லார்வாக்கள், கூனி இறால்கள் எல்லாம் தெளிவாக, குப்பையின்றித் தெரியும். சிக்கலே அந்த அழகில்தான் இருக்கிறது. கடலில் மிக மிகுதியாக இருக்கும் கோபிபாட் பேரினங்களில் ஒன்றான ஓய்தோனா அதில் பெரும்பாலும் இருக்காது. முட்டையிலிருந்து வெளிவந்த நாப்ளியஸ் லார்வாக்கள் அறவே இருக்காது. பல மீன்குஞ்சுகளுக்கு வாய் திறந்ததும் கிடைக்கும் முதல் இரையே இந்த நாப்ளியஸ்தான். நுண்பாசியில் சேர்ந்த ஆற்றல் மீனுக்குப் போய்ச் சேரும் வழியில் நடு இணைப்பு அறுந்துபோன படத்தைத்தான் பெரிய கண்ணி வலை காட்டும். 150 மைக்ரானிலும் ஓய்தோனாவில் ஒரு பகுதியும் சிறிய நாப்ளியஸ்களும் நழுவும் என்பது உண்மை. அவற்றை முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் 64 மைக்ரான் வலை ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, சிறிதளவு நீரை மட்டும் வடிக்க வேண்டும். உலகெங்கும் ஒப்பீட்டுக்குப் பயன்படும் டபிள்யூபி-2 வலையின் கண்ணி 200 மைக்ரான், வாய் 57 செ.மீ. பிறர் தரவோடு ஒப்பிடுவதே நோக்கம் என்றால் 200 மைக்ரானைத் தேர்வதில் நியாயம் உண்டு. உயிர்களின் பன்மையைப் பார்ப்பதே நோக்கம் என்றால் 150 மைக்ரானே சரி.

அடுத்தது கூம்பின் நீளம். விளம்பரத்தில் யாரும் எழுதாத, ஆனால் வாங்குமுன் கேட்க வேண்டிய அளவு இது. வலை வழியாக நீர் தடையின்றி ஓட, துணியிலுள்ள துளைகளின் மொத்தப் பரப்பு வாயின் பரப்பைப் போல் குறைந்தது 3 மடங்கு இருக்க வேண்டும். பாசி மிகுந்த கரையோர நீரில் 5 மடங்கு இருந்தால் நல்லது. கணக்கு எளிது: கூம்பின் பக்க நீளத்தை வாயின் ஆரத்தால் வகுத்து, துணியில் திறந்திருக்கும் பங்கால் பெருக்கினால் போதும். 150 மைக்ரான் நைலானில் அந்தப் பங்கு ஏறத்தாழப் பாதி. 15 செ.மீ. ஆரத்துக்கு 100 செ.மீ. பக்கம் என்றால் 3.3 மடங்கு, 60 செ.மீ. என்றால் வெறும் 2. இந்த இரண்டாவது வலை சில நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும். அடைத்தபின் நீர் உள்ளே போகாமல் வாயின் முன்னாலேயே பிரிந்து ஓடும். பிடிக்க வேண்டிய உயிரும் அதோடு ஒதுங்கிவிடும். வலையைத் தூக்கும்போது நீர் பக்கங்களில் வடியாமல் வாய்வழியாகத் தளும்பினால், அல்லது உள்பக்கம் பழுப்பும் பச்சையுமாக வழவழப்பு படிந்திருந்தால், வலை அடைத்துவிட்டது என்று பொருள். அந்த மாதிரியை எண்ணிக்கைக்குப் பயன்படுத்தாமல், இழுக்கும் நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்து மறுபடி இழுக்க வேண்டும்.

பாகங்களில் வளையம் துருவேறாத எஃகாக இருக்கட்டும். வண்ணம் பூசிய இரும்பு வளையம் உப்புநீரில் விரைவிலேயே உரிந்து, துருத்துகள்கள் மாதிரிக்குள் விழும். கூம்பின் தையலை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். துணியின் விளிம்பு உள்ளே மடிந்து நின்றால் அந்த மடிப்பில் கோபிபாட்கள் சிக்கி, அடுத்த இடத்து மாதிரியில் போய்க் கலக்கும். நல்ல தயாரிப்பில் மடிப்பு வெளிப்புறம் இருக்கும். கிளைக்கயிறுகள் மூன்றும் ஒரே நீளமா என்று தூக்கிப் பிடித்துச் சரிபார்க்கவும். ஒன்று குட்டையானால் வாய் சாய்ந்து, நீரை நேராக ஏற்காது. அவை சேரும் இடத்தில் சுழல்வளையம் இல்லையென்றால் தனியாக வாங்கிப் போடுங்கள். வலை சுழலும்போது கயிறு முறுக்கேறி வாய் சுருங்குவது இதனால்தான்.

இந்தத் தொகுப்புகளின் பலவீனம் மடிக்குப்பி. பலவற்றில் ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் குழாய்ப் பட்டையால் இறுக்கி விட்டிருப்பார்கள். பக்கத்தில் வலைத்துணி ஒட்டிய சாளரம் இல்லாத குப்பியில் நீர் தேங்கி நிற்கும்; தூக்கி வடிக்கும்போது மேலே இருப்பதெல்லாம் மீண்டும் கூம்பின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சாளரம் இருந்தாலும் அதன் கண்ணி வலையின் கண்ணியைவிடப் பெரியதா என்று பார்க்க வேண்டும். 150 மைக்ரான் கூம்புக்கு 300 மைக்ரான் சாளரம் வைத்துவிட்டால், வாங்கியது 300 மைக்ரான் வலைதான். திருகிக் கழற்றக்கூடிய, சாளரமுள்ள குப்பிக்குக் கூடுதலாகச் செலவழிப்பது பெரிய வாய்க்குச் செலவழிப்பதைவிட மேல்.

கிளைக்கயிறு வாயின் முன்னால் இருப்பது இந்த வடிவத்தின் பிறவிக் குறை. கோபிபாட்டின் நீண்ட முதல் உணர்கொம்பில் வரிசையாக உள்ள நுண்முடிகள் நீரின் மிகச் சிறிய அசைவையும் உணரும். சில மில்லிவினாடிகளுக்குள் அது துள்ளி விலகிவிடும். கயிறு கிளப்பும் சலனமே அதற்கு எச்சரிக்கை. பெரிய ஆய்வுக் கப்பல்களில் இரண்டு வளையங்களை நடுவில் பிணைத்த போங்கோ வலையைப் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: அதில் வாயின் முன்னால் எதுவும் குறுக்கிடாது. கைவலையில் இதைச் சரிசெய்ய முடியாது. கிளைக்கயிறுகளை மெல்லியதாக வைக்கலாம், அவ்வளவே.

இழுக்கும் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை, அதாவது மெதுவாக நடக்கும் வேகம். துடுப்புப் படகோ, படகுத்துறையில் நடந்தபடி இழுப்பதோ போதும். விசைப்படகின் வழக்கமான வேகத்தில் இழுத்தால் உணர்கொம்பு முறிந்த, வால் அறுந்த உடல்கள்தான் மிஞ்சும். கோபிபாட்டை இனம் பிரிக்க அந்த உறுப்புகளே தேவை. முதல் முறை 3 நிமிடம் இழுத்து, குப்பியில் சேர்ந்த அளவைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். தூக்கியபின் வெளிப்புறத்திலிருந்து நீரை ஊற்றி, சுவரில் ஒட்டியவற்றைக் குப்பிக்கு இறக்க வேண்டும். வாய்வழியாக நீர் ஊற்றினால் அந்த நீரிலுள்ள உயிரும் கணக்கில் சேர்ந்துவிடும். நன்னீர் ஊற்றவே கூடாது. உப்புச்செறிவு திடீரென்று மாறினால் உயிருள்ளவை சில நிமிடங்களில் சாகும்.

பிடித்ததை உடனே 5 லிட்டர் வாளிக் கடல்நீரில் விரித்துவிட்டு நிழலில் வையுங்கள். நெரிசலாகக் குப்பியிலேயே விட்டால் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அம்புப்புழுக்களும் சீப்பு ஜெல்லிகளும் கிடைத்ததையெல்லாம் தின்னத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்து முடிப்பது நல்லது. கறுப்புத் தட்டில் 10 மடங்கு கைலென்ஸே வளர்ந்த கோபிபாட்டுக்குப் போதும். 20 முதல் 40 மடங்கு ஸ்டீரியோ நுண்ணோக்கி இருந்தால் மகிழ்ச்சி. நாப்ளியஸுக்குச் சாதாரண நுண்ணோக்கியில் 100 மடங்கு வேண்டும். துள்ளுகிறவற்றை அமைதிப்படுத்தச் சில சொட்டு சோடாநீர் விடலாம். கண்ணாடிக் குவளையின் ஒரு பக்கம் கைவிளக்கைப் பிடித்தால் ஒளியை நாடும் லார்வாக்கள் அங்கே திரளும். கொட்டலசின் நாப்ளியஸ்கள் முதலில் வரும். அங்கிருந்து பிப்பெட்டால் உறிஞ்சிக்கொள்ளலாம்.

இனி தட்டில் என்ன தெரியும் என்று பார்ப்போம். நீண்ட உணர்கொம்பை இரு பக்கமும் விரித்து மிதப்பவை கலனாய்டு வகைக் கோபிபாட்கள். கொம்பு குட்டையாக, பின்னுடல் மெலிந்து, பெண்ணிடம் இரண்டு முட்டைப் பைகள் தொங்கினால் அது ஓய்தோனாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தலையின் முன்னால் இரண்டு பெரிய வில்லைகள் மின்னினால் கோரிகேயஸ். வெதுவெதுப்பான கடலில் சாஃபிரினா என்ற கோபிபாட்டின் ஆண் கிடைத்தால் அன்றைய உழைப்புக்கு அதுவே போதும்: தட்டையான இலை போன்ற உடல், ஒரு கோணத்தில் நீலமாகச் சுடர்ந்து, திரும்பியதும் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். தோலுக்கடியில் அடுக்கடுக்காக உள்ள குவானைன் படிகத் தகடுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம் அது. பார்மலினில் போட்டபின் இதைப் பார்க்க முடியாது. உயிரோடு பார்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

நாப்ளியஸுக்கு மூன்று இணை உறுப்புகளும் நடுவில் ஒற்றைக் கண்ணும் இருக்கும். முன்மூலைகளில் இரண்டு கொம்புகள் நீண்டிருந்தால் அது கொட்டலசுக்கு உரியது. இந்தக் கொம்பு வேறு எந்த லார்வாவுக்கும் இல்லை. ஆறு நாப்ளியஸ் நிலைகளைக் கடந்து அது சைப்ரிட் என்ற அடுத்த பருவத்தை அடைகிறது. சைப்ரிட் எதையும் தின்னாது. சேமித்த கொழுப்பை வைத்துக்கொண்டு, உணர்கொம்பால் பாறையைத் தடவிப் பார்த்து, தகுந்த இடத்தில் பசையூற்றி ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஓடுகளுக்குள் மூடியிருப்பதால் சைப்ரிடை ஆஸ்ட்ரகாட் (ஈரோடுள்ள வேறொரு ஓட்டுடலி வகை) என்று எழுதிவைப்பது புதியவர்களிடம் அடிக்கடி நேரும் பிழை. சைப்ரிட் இரு முனையும் கூம்பிய படகு வடிவம், உள்ளே கொழுப்புத் துளிகள் தெரியும், ஆறு இணைக் கால்கள். ஆஸ்ட்ரகாட் உருண்டு தடித்திருக்கும்.

முதுகிலும் முகத்திலும் நீண்ட முள்ளோடு குட்டிக்கரணம் அடிப்பது நண்டின் சோயியா. அது வளர்ந்து, இடுக்கிகள் முளைத்தும் வயிறு இன்னும் நீண்டே இருந்தால் மெகலோபா. தட்டையாக, கண்ணாடி போல், சிலந்தியைப் போல் நீண்ட கால்களோடு ஏதாவது வந்தால் அது சிங்கி இறாலின் பில்லோசோமா. கைவலையில் அரிதாகவே வரும். இறால் வடிவத்தில் வாலின் உள்துடுப்புகளில் இரண்டு வட்டச் சமநிலை உறுப்புகள் பளபளத்தால் மைசிட். தலைமார்பு ஓட்டுக்குக் கீழே செவுள்கள் வெளிப்படையாகத் தெரிந்தால் கிரில். பக்கவாட்டில் நசுங்கிய உடல் ஆம்பிபாட், மேலிருந்து கீழாகத் தட்டையானது ஐசோபாட். ஜெல்லிமீன் துண்டு ஒன்று கிடைத்தால் வீசிவிடாதீர்கள். தலை முழுக்கக் கண்ணாக இருக்கும் ஹைப்பெரிட் ஆம்பிபாட் அதில் ஒட்டியிருக்கக்கூடும்.

தட்டின் அடியில் பழுப்புக் குச்சிகள் போல் கிடப்பவை கோபிபாட்களின் கழிவுத் துணுக்குகள். மெல்லிய உறை போர்த்திய இந்தத் துணுக்குகள் நாளுக்குப் பத்து மீட்டர் கணக்கிலும், பெரியவை நூறு மீட்டர் கணக்கிலும் கீழே இறங்குகின்றன. மேல்நீரில் பாசி கட்டிய கார்பனில் ஒரு பங்கு ஆழ்கடலுக்குப் போகும் பாதைகளில் இது ஒன்று. இன்னொன்று உரித்துப் போட்ட கைட்டின் ஓடுகள். மூன்றாவது, இரவில் மேலே வந்து தின்று, பகலில் ஆழத்துக்கு இறங்கும் அன்றாடப் பயணம். பகலில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை அதே இடத்தில் வலையை இழுத்தால் இந்தப் பயணத்தை நேரடியாகப் பார்க்கலாம்: மைசிட்கள், லூசிஃபர் என்ற மெல்லிய இறால், தரையில் பதுங்கியிருக்கும் ஆம்பிபாட்கள், கியூமேசியன்கள் என்ற சிறு ஓட்டுடலிகள் எல்லாம் இரவு மாதிரியில்தான் நிறையும். பகல் மாதிரியை மட்டும் வைத்து ஓர் இடத்தில் என்ன வாழ்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

எண்ணிக்கை வேண்டுமென்றால் இந்தத் தொகுப்பு குறைப்பட்டது. 30 செ.மீ. வாயின் பரப்பு 0.0707 சதுர மீட்டர். 100 மீட்டர் தூரம் இழுத்தால் 7 கன மீட்டர் நீர் வடிந்திருக்கும், வலை அடைக்காத பட்சத்தில். மாதிரியை 500 மி.லி.க்கு ஏற்றி, நன்றாகக் கலக்கி, 5 மி.லி. எடுத்து எண்ணியதில் 140 கோபிபாட்கள் இருந்தால் மொத்தம் 14,000. ஒரு கன மீட்டருக்கு 2,000. இந்தக் கணக்கில் ஆட்டம் காணும் எண் வடிந்த நீரின் அளவுதான். நீரோட்டத்தை எதிர்த்து இழுத்தால் கூடும், அதோடு சேர்ந்து போனால் குறையும், அடைத்தால் பாதியாகும். வாயில் பொருத்தும் நீரோட்டமானி ஒன்று இருந்தால்தான் அந்த எண் நம்பத்தக்கது. அதை நட்ட நடுவில் தொங்கவிடாமல், மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே கட்ட வேண்டும்; வாயின் சராசரி வேகம் அங்கேதான் கிடைக்கும். மானி இல்லையென்றால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, 'எது எதைவிட அதிகம்' என்ற விகிதத்தோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

வாய் சிறியது என்ற குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1931இல் பிரிட்டன் கடலுயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி தொடங்கிவைத்த தொடர் மிதவைப் பதிவுக் கருவியின் வாய் வெறும் 1.27 செ.மீ. சதுரம். வணிகக் கப்பல்களின் பின்னால் அதை இழுத்து, 270 மைக்ரான் பட்டுத்துணியில் மிதவை உயிர்களைச் சேர்க்கிறார்கள். வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெப்பநீர்க் கோபிபாட்கள் சில பத்தாண்டுகளில் பத்துப் பாகை அளவுக்கு வடக்கே நகர்ந்துவிட்டன என்பதும், வட கடலில் குளிர்நீரை விரும்பும் கலனஸ் என்ற கோபிபாட் இனம் குறைந்து வெப்பநீர்க் கலனஸ் இனம் மிகுந்தது என்பதும் அந்தச் சின்ன வாய் சொன்னவைதாம். கண்ணியை மாற்றாமல், முறையை மாற்றாமல் பல்லாண்டு இழுத்ததுதான் அதன் பலம். ஒரே வலை, ஒரே வேகம், ஒரே நேரம், ஒரே இடம் என்று ஓராண்டு செய்தாலே கொட்டலசு முட்டை பொரிக்கும் பருவமும் நண்டு லார்வா மிகும் பருவமும் உங்கள் குறிப்பேட்டில் தெரியத் தொடங்கும்.

பதப்படுத்த, கடையில் கிடைக்கும் பார்மலினில் 1 பங்கை 9 பங்கு மாதிரியோடு சேர்க்க வேண்டும். அமிலத்தன்மை போக முன்கூட்டியே போராக்ஸ் கலந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்பேறிய ஓடுகள் நாளடைவில் கரைந்து, அடையாளம் காண வேண்டிய பாகமே போய்விடும். குப்பியில் படியும் உயிர்கள் கால் பங்கைத் தாண்டக்கூடாது. பார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறையும் காற்றோட்டமும் இன்றித் தொடாதீர்கள். மரபணுச் சோதனைக்கென்றால் 95 சதவீத எத்தனால். மாதிரியிலுள்ள நீர் அதை நீர்க்கச் செய்வதால் ஒரு நாள் கழித்து மாற்றிவிடவும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள்.

சில வேலைகளுக்கு இந்த வலையை வாங்கவே கூடாது. அண்டார்டிக் கிரில் 6 செ.மீ. வரை வளரும், அதைப் போன்ற வேகமான நீச்சல்காரர்களுக்கு 30 செ.மீ. வாயிலிருந்து விலகுவது எளிது. சேற்றுக்குள் வாழும் ஹார்பக்டிகாய்டு கோபிபாட்களுக்குக் குழாயால் எடுக்கும் மண் மாதிரியும் சல்லடையும் வேண்டும். நண்டின் உடலுக்குள் வேர்விட்டுப் பரவும் சாக்குலினா என்ற ஒட்டுண்ணியை நண்டைப் பிடித்தால்தான் காணலாம். ஆனால் அதுவும் கொட்டலசு வகையே. அதன் நாப்ளியஸும் சைப்ரிடும் இந்த வலையில் விழக்கூடும். பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் கைவலை இழுக்கவும் அனுமதி தேவை.

பயன்படுத்தியபின் வலையை நன்னீரில் முழுவதும் அலசி, நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். உப்புப் படிகத்தோடு மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் இழைகள் விலகி, கண்ணி பெரிதாகும். வெயிலில் நைலான் நொறுங்கும். வாங்கும்போதே அதே கண்ணியுள்ள துணியில் ஒரு சாண் கூடுதலாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறு கிழிசலை நூலால் இழுத்துத் தைத்தால் சுற்றியுள்ள கண்ணிகள் கோணிவிடும்; ஒட்டுத்துணியை வெளிப்புறம் வைத்து, விளிம்பை மட்டும் சிலிக்கோன் பசையால் ஒட்டுவதே சரியான முறை. பசை முழுதாக உலர ஒரு நாள் விட்டு, அதன்பின் நீரில் இறக்கலாம்.